கடலைக்காட்டில் துவரை

பொறியியல் மூன்றாம் ஆண்டில் காலடி வைக்கும் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

காலையில் மல்லசமுத்திரம் பஸ் நிறுத்தத்தில், கழுத்தில் அடையாள அட்டையோடு கல்லூரி வண்டிக்காக நிற்கும் தம்பிகளுக்கும் அம்மிணிகளுக்கும்,

நானும் அதே நிறுத்தத்தில் நின்றவன்தான். ஜவுளித் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ வாங்கி, முப்பது வருடம் தறிகளுக்கு நடுவே எண்ணெய்க் கையோடு திரிந்துவிட்டு, இப்போது ஊரோடு வந்து உட்கார்ந்திருக்கிறேன். என்ன படிக்க வேண்டும் என்று உங்களுக்குப் புத்தி சொல்ல ஆட்கள் ஏராளம். நான் ஒரே ஒரு பாடத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். அதுவும் கிரெடிட் இல்லாத பாடம்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி படிக்கிறவர்களுக்கு மூன்றாம் ஆண்டில் 'கட்டாயப் பாடம்' என்று ஒன்று வரும். முதல் பட்டியலில் நான்கு இருக்கும்: பெண்கள் மற்றும் பாலினக் கல்வி, இலக்கியத்தின் கூறுகள், திரைப்பட ரசனை, பேரிடர் மேலாண்மை. இதில் ஒன்றை எடுக்க வேண்டும். வாரம் மூன்று மணி நேரம் வகுப்பு. கிரெடிட் பூஜ்யம். பேர் கட்டாயம், கணக்கில் மட்டும் வராது. தன்னாட்சிக் கல்லூரிகளில் பட்டியல் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம்.

என் அக்கா மகன் படித்த கல்லூரியில் இந்தத் தேர்வு எப்படி நடந்தது தெரியுமா? வகுப்புக்கு வந்த ஒருவர், "எல்லாரும் கடைசி சப்ஜெக்டையே போட்டுக்குங்க, அதுக்குத்தான் ஸ்டாஃப் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அறுபது பேரும் போட்டுக்கொண்டார்கள். "சினிமான்னு ஒண்ணு இருந்துச்சு மாமா, யாரும் கையத் தூக்கல" என்றான். தூக்கியிருந்தால் சிரித்திருப்பார்கள், அவ்வளவுதான். அந்தச் சிரிப்புக்குப் பயப்படாமல் இந்த வருடம் உங்களில் ஒரு பத்துப் பேராவது கையைத் தூக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த மடல்.

வெளிநாட்டிலும், வடக்கே சில பல்கலைக்கழகங்களிலும் முதன்மைப் பாடத்தோடு சினிமாவையும் துணைப்பாடமாகப் படிக்கலாம். 'மைனர்' என்பார்கள். நம்மூரில் மைனர் என்றால் அர்த்தம் வேறு: சில்க் ஜிப்பா, கழுத்தில் செயின், காட்டைப் பங்காளியிடம் குத்தகைக்கு விட்டுவிட்டுக் கொட்டாயில் முன்வரிசையில் கால் மேல் கால் போட்டுப் படம் பார்க்கிற ஆசாமி. சினிமாவை மைனராகப் படிக்கிறேன் என்று வீட்டில் சொன்னால் அப்பா முகத்தில் அந்த ஆசாமிதான் வந்து நிற்பார். அதனால் அந்தச் சொல்லை விட்டுவிடுவோம். நம்மிடம் அதைவிடப் பொருத்தமான சொல் ஒன்று இருக்கிறது: ஊடுபயிர். கடலைக்காட்டில் எத்தனையோ சாலுக்கு ஒரு சால் துவரையோ ஆமணக்கோ போடுகிறோமே, அது. அதற்கென்று தனிக் காடு வேண்டாம், தனி உழவு வேண்டாம். கடலைக்காய்க்குப் பெய்த மழையில் அதுவும் வளரும்.

இனி, அந்த ஊடுபயிருக்கு எனக்குள் விதை விழுந்த கதையைச் சொல்கிறேன்: படம் ஓடுவது எப்படி என்று நான் தெரிந்துகொண்ட கதை.

எனக்கு அப்போது பதினொரு வயது இருக்கும். எங்கள் பக்கத்து டூரிங் கொட்டாயில் ஆபரேட்டராக இருந்தவர் அப்பாவுக்குப் பழக்கம். ஒரே புரொஜெக்டர்தான் என்பதால் ரீல் மாற்றுவதற்கே மூன்று, நான்கு இடைவேளை விடுவார்கள். அப்படி ஓர் இடைவேளையில் என்னை அறைக்குள் கூட்டிப் போனார். கார்பன் குச்சி எரிந்த வாசனை, அனல், எண்ணெய்ப் பிசுக்கு. டப்பாவிலிருந்து தேய்ந்துபோன ஒரு சின்னச் சக்கரத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். நாலு இதழ்ப் பூ மாதிரி இருந்தது. இதழுக்கு இதழ் நடுவே ஒரு பள்ளம். தன் சுண்டுவிரலை ஆணியாக வைத்துப் பள்ளத்துக்குள் நுழைத்தார். பூ கால்சுற்றுச் சுற்றியது. விரல் வெளியே வந்தது. பூ நின்றது.

"பாத்தியா கண்ணு, இது கால் சுத்து சுத்தும், அப்புறம் நிக்கும். நிக்கறப்பத்தான் படம் தெரியும். நகர்றப்ப வெளிச்சத்த மூடிடறோம். மூடாம உட்டா எல்லாம் கலங்கித்தான் தெரியும்."

இயந்திரவியல் படிக்கிறவர்கள் இதையே 'ஜெனீவா மெக்கானிசம்' என்று படம் வரைந்து மார்க் வாங்கியிருப்பீர்கள். ஒரு விநாடிக்கு 24 முறை படச்சுருள் நகர்ந்து நகர்ந்து நிற்கும். நகரும் நேரமெல்லாம் ஷட்டர் மூடியிருக்கும். அதாவது, ஓடும் படம் என்று நாம் சொல்கிறோமே, அது ஓடுவதை நாம் ஒருபோதும் பார்த்ததில்லை. நிற்பதை மட்டுமே பார்த்திருக்கிறோம். 35 மி.மீ. சுருளில் ஓர் அடிக்கு 16 படம். நிமிடத்துக்கு 90 அடி. ஆயிரம் அடி ரீல் பதினொரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். இந்தக் கணக்கெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. உள்ளங்கையில் இருந்த பூ மட்டும் அன்றைக்கே மனதில் பதிந்துவிட்டது.

பிறகு விசைத்தறிக்கு வந்தேன். ஒவ்வொரு ஊடை (குறுக்கு நூல்) விழும்போதும் துணி ஒரு நூலளவு நகர்ந்து நிற்கும். பல்சக்கரமும் அதைத் தட்டிவிடும் நாக்கும் சேர்ந்து செய்கிற வேலை. பார்த்ததும் கொட்டாய் ஞாபகம் வந்தது. லூமியேர் சகோதரர்களில் இளையவரான லூயி, தையல் மிஷின் துணியைப் பிடித்துப் பிடித்து நகர்த்தும் முறையிலிருந்துதான் படச்சுருளை நகர்த்தும் வழியை எடுத்தார் என்று பல வருடம் கழித்துப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. 1895-இல் பாரீசில் ஓடிய முதல் படங்களுக்கும் நம் தறிக்கும் ஒன்றுவிட்ட உறவு உண்டு.

அந்த உறவை நம் பக்கத்துக்காரர் ஒருவர் வாழ்ந்தே காட்டியிருக்கிறார். நீங்கள் அரை மணி நேரத்தில் பஸ்ஸில் போய் இறங்கும் திருச்செங்கோட்டில் 1907-இல் பிறந்தவர் டி.ஆர். சுந்தரம். ஜவுளி வியாபாரக் குடும்பம். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக்குப் போய் அவர் படித்ததும் ஜவுளித் தொழில்நுட்பம்தான். திரும்பி வந்து மில் கட்டியிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். அவர் 1935-இல் சேலத்தில், ஏற்காடு மலையடிவாரத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவைத் தொடங்கினார். தமிழ்ப் படம் எடுக்கக் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் ரயிலேறிக்கொண்டிருந்த காலம் அது.

1937-இல் சதி அகல்யா. அடுத்த வருடமே மலையாளத்தின் முதல் பேசும் படமான பாலன், நம் சேலத்து ஸ்டுடியோவில். 1940-இல் பி.யு. சின்னப்பா இரட்டை வேடம் போட்ட உத்தம புத்திரன். 1956-இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான அலிபாபாவும் 40 திருடர்களும். 1961-இல் மலையாளத்தின் முதல் வண்ணப் படமான கண்டம் பெச்ச கோட்டு. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அந்த வாசல் வழியாக வெளியே வந்தன. கலைஞர்களுக்கு மாதச் சம்பளம், நேரத்துக்கு வேலை, நேரத்துக்கு முடிவு என்று ஸ்டுடியோவை ஒரு மில் மாதிரி நடத்தினார் என்பார்கள். சினிமாவுக்கு அவர் புதிது. பாவு ஓட்டி, ஊடை கொடுத்து, கணக்கு வைத்து, குறித்த தேதியில் சரக்கை இறக்கும் தொழில் அவருக்குப் புதிதல்ல. 1963-இல் அவர் இறந்தார். இன்றைக்கு ஏற்காடு ரோட்டில் அந்த நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது. ஏற்காட்டுக்கு டூர் போகும்போது உங்கள் வண்டி அதைத் தாண்டித்தான் போகிறது.

சுந்தரம் சினிமாவை எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. படித்த ஒருவர் அவருடைய ஸ்டுடியோவுக்கு வந்தார். எல்லிஸ் ஆர். டங்கன், அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்துக்காரர். தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் 1929-இலேயே சினிமாவைப் பாடமாக வைத்துவிட்டது, அங்கே படித்தவர். கூடப் படித்த மாணிக் லால் டாண்டன் அழைத்து 1935-இல் இந்தியாவுக்கு வந்தார். சில மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர் பதினைந்து வருடம் தங்கிவிட்டார். எம்.ஜி.ஆரின் முதல் படமான சதி லீலாவதி, பிறகு அம்பிகாபதி, சகுந்தலை, மீரா. இத்தனைக்கும் அவருக்குத் தமிழ் தெரியாது. அவரிடம் லென்ஸ் இருந்தது, வெளிச்சம் இருந்தது, எந்தக் கோணத்தில் எவ்வளவு நேரம் என்ற கணக்கு இருந்தது. மொழியைப் பக்கத்தில் இருந்தவர்கள் கொடுத்தார்கள்.

1950-இல் வந்த மந்திரி குமாரியில் இந்த எல்லாக் கைகளும் ஒன்றாகச் சேர்ந்தன. இயக்கம் டங்கனும் சுந்தரமும், வசனம் மு. கருணாநிதி, இசை ஜி. ராமநாதன். கதைக்கு வேர் குண்டலகேசி. முழுதாகக் கிடைக்காமல் போன நம் காப்பியம் ஒன்றை, நாடக மேடை வழியாக, ஜவுளி படித்தவரும் சினிமா படித்தவரும் சேர்ந்து திரைக்குக் கொண்டுவந்தார்கள். கிரெடிட் இல்லாத இரண்டு பாடங்கள், இலக்கியமும் திரைப்படமும், சேலத்தில் ஒரே படத்தில் கை கோத்திருக்கின்றன.

அந்தப் படத்தில் ஒரு காட்சி. உங்கள் தாத்தாவைக் கேட்டால் பாட்டைப் பாடியே காட்டுவார். ராஜகுருவின் மகன் தன் மனைவியை மலை உச்சிக்கு அழைத்துப் போகிறான். எஸ்.ஏ. நடராஜனும் மாதுரி தேவியும். திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடுகிறார்கள். குரல் முழுக்கக் கொஞ்சல், அவன் மனதில் இருப்பது கொலை. காது ஒன்றைச் சொல்கிறது, கதை வேறொன்றைச் சொல்கிறது. நடக்க நடக்கப் பாதை மேலேறுகிறது. நமக்கு வயிற்றைப் பிசைவது அந்தப் பாட்டின் இனிமையால்தான். சோக இசை போட்டிருந்தால் அந்தக் காட்சி அப்போதே செத்திருக்கும். உச்சிக்குப் போனதும் அவள் கணவனை மூன்று முறை சுற்றி வர அனுமதி கேட்கிறாள். சுற்றி வருகிறாள். தள்ளிவிடுகிறாள்.

இதை நான் சின்ன வயதில் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். பாட்டையும் முடிவையும்தான் பார்த்தேன். ஐம்பது வயதுக்கு மேல் ஒருநாள் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். அப்போதுதான் இரண்டும் தனித்தனியாகச் செய்யப்பட்டு, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து நெய்யப்பட்டவை என்று உறைத்தது. துணியைத் தடவிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்பவன் வாடிக்கையாளன். லென்ஸை வைத்து அங்குலத்துக்கு எத்தனை பாவு, எத்தனை ஊடை என்று எண்ணுகிறவன் தொழில் தெரிந்தவன். எண்ணத் தெரிந்தவனுக்கும் துணி அழகாகவே இருக்கும், இன்னும் கொஞ்சம் கூடுதலாக.

திரைப்பட ரசனை என்ற பாடம் கற்றுத் தர வருவது இந்த எண்ணிக்கையைத்தான். ஐந்து பகுதிகள். படம் எதனால் ஆனது, அதன் மொழி எப்படி வளர்ந்தது, எப்படி விமர்சிப்பது, சோவியத், ஜப்பான், இத்தாலி, ஹாலிவுட் படங்கள், கடைசியில் இந்தியப் படங்களும் ஆவணப் படங்களும். நாற்பத்தைந்து மணி நேரத்தில் இவ்வளவையும் அடைத்தால் தாண்டிக் குதித்துத்தான் போக முடியும். ஆனாலும் கதவு திறந்திருக்கிறது.

இதற்கெல்லாம் தனியாகப் படித்த ஆட்கள் இருக்கிறார்கள், பொறியியல்காரனுக்கு எதற்கு என்று கேட்பீர்கள். தமிழ் சினிமாவைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதியைத் தேடி எழுதியவர்கள் யார் என்று பாருங்கள். தியடோர் பாஸ்கரன், நம் கொங்கு நாட்டுத் தாராபுரத்தில் பிறந்தவர். தபால் துறையில் வேலை பார்த்துத் தலைமை அஞ்சல் அதிகாரியாக ஓய்வு பெற்றவர். தென்னிந்தியாவில் விடுதலைப் போராட்டச் செய்தியை நாடகமும் சினிமாவும் சுமந்த கதையை அவர் 1981-இல் புத்தகமாக்கினார். தமிழ் சினிமா பற்றிய அவருடைய இன்னொரு நூலுக்குத் தேசிய விருதே கிடைத்தது. பழைய படங்களைப் பற்றி வாராவாரம் எழுதிக் குவித்த ராண்டார் கை, வழக்கறிஞர். சொல்லிக்கொடுத்தவரும் அப்படித்தான்: புனே திரைப்படக் கல்லூரியில் தலைமுறை தலைமுறையாக மாணவர்களுக்குத் திரைப்பட ரசனை சொல்லிக்கொடுத்த சதீஷ் பகதூர், முதலில் ஆக்ராவில் பொருளாதாரப் பேராசிரியர்; அங்கே திரைப்படச் சங்கம் நடத்திக்கொண்டிருந்தவர். யாரும் சினிமாவை முதன்மைப் பயிராகப் போட்டுத் தொடங்கவில்லை. ஊடுபயிராகப் போட்டவர்கள்தான் நமக்குக் களஞ்சியத்தை நிரப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

இன்னொன்று. தமிழ்நாட்டில் சினிமா கல்விக்கூடத்துக்குள் நுழைந்ததே பொறியியல் வாசல் வழியாகத்தான். 1945-இல் சென்னை சென்ட்ரல் பாலிடெக்னிக்கில் ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் டிப்ளமோ பாடங்களாகத் தொடங்கின. நாம் அடையாறு ஃபிலிம் இன்ஸ்டிடியூட் என்று சொல்கிறோமே, தரமணியில் எம்.ஜி.ஆர். பேரில் இருக்கும் அரசுக் கல்லூரி, அதன் வேர் அங்கே இருக்கிறது. இயக்குநர் ஷங்கர் இயந்திரவியல் டிப்ளமோ படித்தவர். கார்த்திக் சுப்பராஜ் மதுரையில் பொறியியல் படித்தவர். சினிமாவும் இன்ஜினியரிங்கும் எதிரெதிர்க் கட்சி என்பது பின்னால் வந்த பேச்சு. எலெக்ட்ரானிக்ஸ்காரருக்குச் சிக்னல் தெரியும், ஒலிப்பதிவில் பாதி அதுதான். கம்ப்யூட்டர்காரர் ஒரு படத்தை எப்படிச் சுருக்கி அனுப்புகிறோம் என்று படிக்கிறார். சிவில்காரருக்கு ஒரு கட்டடத்துக்குள் வெளிச்சம் எந்த நேரத்தில் எங்கே விழும் என்று தெரியும். கேமராமேன் காலையில் முதலில் பார்ப்பது அதைத்தான்.

ஆனால், உங்களை எல்லாம் கோடம்பாக்கத்துக்கு அனுப்ப நான் எழுதவில்லை. இதைப் பெற்றோரும் படிக்கட்டும். இந்தப் பாடத்தால் வேலை கிடைக்கும் என்று நான் சொன்னால் அது பொய். பெருமாள்முருகனின் நிழல் முற்றம் நாவலை வாசித்துப் பாருங்கள். நம்மைப் போன்ற ஒரு சிற்றூரின் தியேட்டரில் சோடா விற்கும் பையன்களின் கதை. திரையில் வெளிச்சம் விழும்போது அதன் எதிரே இருட்டில் யார் நின்றுகொண்டிருந்தார்கள் என்று அந்த நாவல் காட்டும். சினிமா மயக்கம் இருப்பவர்களுக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது.

நான் கேட்பது வேறு. நீங்கள் காலையில் கண் விழித்ததிலிருந்து படுக்கும் வரை படம் பார்க்கிறீர்கள். ரீல்ஸ், விளம்பரம், தேர்தல் வீடியோ, கல்யாண ஆல்பம், கண்காணிப்புக் கேமரா. எங்கள் காலத்தில் வாரத்துக்கு ஒரு படம். மற்ற நேரம் கண் சும்மா இருந்தது. உங்களுக்கு நிற்கவே நேரமில்லாமல் படம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஆபரேட்டர் சொன்னதுதான்: மூடாமல் விட்டால் எல்லாம் கலங்கித்தான் தெரியும். நிறுத்திப் பார்க்க வாரத்துக்கு மூன்று மணி நேரத்தைப் பல்கலைக்கழகமே தருகிறது. வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு மனசு வருமா?

நிறுத்திப் பார்த்தால் என்ன தெரியும்? நம் வட்டாரத்து மனிதர்களை வைத்து எத்தனையோ பஞ்சாயத்துப் படங்கள் வந்திருக்கின்றன. நாமும் கைதட்டிப் பார்த்திருக்கிறோம். அடுத்த முறை ஒன்றை மட்டும் கவனியுங்கள். யாரைக் கேமரா கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கிறது? யாரை மேலேயிருந்து குனிந்து பார்க்கிறது? நாற்காலியில் இருப்பவரின் முகம் எவ்வளவு நேரம் திரையில் நிற்கிறது, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பவரின் முகம் எவ்வளவு நேரம் நிற்கிறது? யாருக்குப் பேர் இருக்கிறது, யார் வெறும் கூட்டம்? விநாடிக் கணக்கை நோட்டில் எழுதுங்கள். எழுதி முடித்ததும் நம் ஊரைப் பற்றித் தெரியாதது போல் நாம் நடித்துவந்த சில விஷயங்கள் அந்த எண்ணிக்கையில் வந்து நிற்கும். அதற்காகப் படம் பிடிக்காமல் போகாது. கை தட்டும் முன் ஒரு நொடி யோசிப்பீர்கள்.

இனி, உங்களுக்கு இரண்டு வேலை. கையில் ஃபோன் இருக்கிறது, வேறெதுவும் வேண்டாம்.

லூமியேரின் முதல் படம் ஒரு தொழிற்சாலை வாசல். வேலை முடிந்து ஆட்கள் வெளியே வருகிறார்கள், அவ்வளவுதான். ஒரு சுருள் ஐம்பது விநாடிக்குத்தான் வரும். நீங்களும் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஒரு தறிப்பட்டறை வாசலுக்கு எதிரே நில்லுங்கள். முதலாளியிடமும் வேலையாட்களிடமும் கேட்டுவிட்டு எடுங்கள். ஐம்பது விநாடி, ஃபோனை அசைக்கக் கூடாது, பெரிதாக்கக் கூடாது, வெட்டக் கூடாது, பாட்டுப் போடக் கூடாது. எங்கே நிற்பது என்று முடிவு பண்ணவே உங்களுக்கு ஒரு வாரம் ஆகும். வெளிச்சத்துக்கு வந்ததும் கண்ணைச் சுருக்கும் அக்கா, தலையிலிருந்து பஞ்சைத் தட்டும் அண்ணன், சைக்கிளை உருட்டிக்கொண்டே கூட வருபவரிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கும் பெரியவர். தறிச் சத்தம் உள்ளே ஓய்வதும், வெளியே மனிதக் குரல் எழும்புவதும் அந்த ஐம்பது விநாடிக்குள் கேட்கும். நான் இத்தனை வருடம் அந்த வாசல் வழியாகத்தான் வந்து போனேன். ஒருநாளும் அதைக் கேட்டதில்லை.

இரண்டாவது வேலை, பருத்திச் சீசனில். திருச்செங்கோடு கூட்டுறவு விற்பனைச் சங்கம் நம் ஊரில் நடத்தும் ஏலத்துக்குப் போங்கள். வரிசை வரிசையாக மூட்டை. வியாபாரி ஒரு மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுப்பார். இரண்டு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பஞ்சை இழுப்பார், மறுபடி அடுக்குவார், மறுபடி இழுப்பார். இழை எவ்வளவு நீளம் வரும் என்று விரலே சொல்லிவிடும். பிறகு ஒரு சீட்டில் விலையை எழுதுவார். பக்கத்தில் நிற்கும் விவசாயியின் கண் அந்த விரலில் இருக்கும். இப்போது மூன்று துண்டு எடுங்கள்: விரல், சீட்டு, விவசாயியின் முகம். முகத்தை விரலுக்கு அப்புறம் ஒட்டிப் பாருங்கள். அதே முகத்தைச் சீட்டுக்கு அப்புறம் ஒட்டிப் பாருங்கள். முகம் மாறவில்லை, ஆனால் ஒன்றில் எதிர்பார்ப்பு தெரியும், இன்னொன்றில் கணக்கு தெரியும். நூறு வருடத்துக்கு முன் மாஸ்கோவில் லெவ் குலெஷோவ் தன் மாணவர்களோடு செய்து பார்த்த சோதனை இது. உலகின் முதல் திரைப்படக் கல்லூரி 1919-இல் அங்கே தொடங்கியபோது படச்சுருளுக்கே பஞ்சம். பழைய படங்களை வெட்டி ஒட்டித்தான் படித்தார்கள். உங்கள் கல்லூரியில் ஸ்டுடியோ இல்லை என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்றும் சொல்வார்கள். ஐ.ஐ.டி. மெட்ராஸ் பேராசிரியர்கள் நடத்திய திரைப்படக் கல்விப் பாடங்கள் என்.பி.டி.இ.எல். தளத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. தமிழில் தியடோர் பாஸ்கரனின் 'எம் தமிழர் செய்த படம்' இருக்கிறது, அறந்தை நாராயணனின் 'தமிழ் சினிமாவின் கதை' இருக்கிறது. வகுப்புக்கு ஒரு ஆசிரியர் வந்தால் போதும். அவர் கணக்கு ஆசிரியராக இருந்தாலும் பரவாயில்லை. சதீஷ் பகதூர் பொருளாதாரம்தானே நடத்தினார்.

கடைசியாக ஒரு கோரிக்கை. அதே 2021 விதிமுறையில் 'மைனர் பட்டம்' என்றும் ஒன்று இருக்கிறது. வழக்கமான பாடங்களுக்கு மேல் 18 கிரெடிட் படித்தால் பட்டச் சான்றில் அதுவும் சேரும். ஃபின்டெக், தொழில்முனைவு, பொது நிர்வாகம், வணிகத் தரவுப் பகுப்பாய்வு, சுற்றுச்சூழல் என்று பிரிவுகள் வைத்திருக்கிறார்கள். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் முதலமைச்சர்களையே திரையிலிருந்து எடுத்துக்கொண்ட ஒரு மாநிலத்தின் பல்கலைக்கழகத்தில் திரைப்படம் அந்தப் பட்டியலில் இல்லை, பூஜ்யத்தில் இருக்கிறது. 18 கிரெடிட் என்றால் ஆறு தாள். லென்ஸும் வெளிச்சமும் ஒன்று, ஒலி ஒன்று, படத்தொகுப்பு ஒன்று, திரைக்கதை ஒன்று, தமிழ்த் திரை வரலாறு ஒன்று, தன் ஊரைப் பற்றிய ஓர் ஆவணப்படம் ஒன்று. இதைக் கேட்டு எழுத வேண்டியவர்கள் நீங்கள்தான். பாடத்திட்டக் குழுவுக்கு முன்னால் வைக்க ஓர் ஆதாரம் வேண்டும். எத்தனை பேர் அந்தப் பூஜ்யப் பாடத்தை விரும்பி எடுத்தார்கள் என்பதுதான் அந்த ஆதாரம். யாரும் கை தூக்காத பாடத்தை யார் வளர்ப்பார்கள்?

வீட்டில் கேட்டால் ஒன்று சொல்லுங்கள். கடலைக்காய் நூறு, நூற்றுப்பத்து நாளில் பிடுங்கிவிடுவோம். செடியைப் புரட்டிப் போட்டு, காயை உதிர்த்து, மூட்டை கட்டி, வண்டி ஏற்றியாகிவிடும். கொடியை மாட்டுக்குப் போட்டிருப்போம். காடு வெறிச்சென்று கிடக்கும். அப்போதும் துவரை நின்றுகொண்டிருக்கும். அதற்குப் பிறகுதான் அது பூவே எடுக்கும்.

நாலு வருடத்தில் உங்கள் கடலைக்காயை நீங்கள் அறுவடை செய்துவிடுவீர்கள், நன்றாகவே விளையட்டும். அதற்கப்புறம் காட்டில் என்ன நிற்கிறது என்பதை இந்த மூன்றாம் ஆண்டில், அந்தப் பட்டியல் உங்கள் மேஜைக்கு வரும் காலையில் முடிவு செய்துகொள்ளுங்கள். பட்டியலில் மூன்றாவது வரி.

உங்கள் ஊர்க்காரன்,
மல்லசமுத்திரம்